போஞ்சி வேருல இருந்த ரோஸ் கலரு

ஹட்டன் டவுன்ல ஒரு விவசாயக் கடையில நின்னுக்கிட்டு இருந்தேன். கவுண்டர்ல பச்சை லேபல் ஒட்டின ஒரு லீட்டர் போத்தல் வரிசையா அடுக்கியிருக்கு.

"இத ஊத்துனீங்கன்னா பசளையே தேவையில்ல மிஸ். உள்ள இருக்கிறது கோடிக்கணக்கான பற்றீரியா. எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்"னு கடைத் தம்பி அடிச்சு விடுறாரு.

பக்கத்துல நின்ன ஐயாவுக்கு வந்துச்சே கோவம்! "பற்றீரியாவா? அது நோய் தம்பி. எனக்கு யூரியா மூட்டைய எறக்கு."

ரெண்டு பேர் பேச்சும் எனக்குப் பொறுக்கல. அவசரத்துல பஸ்ஸுக்கு ஓடிட்டேன். ஆனா மனசு ஆறல. அதான் இங்க உட்கார்ந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும். தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாங்க.

முதல்ல அந்த ஐயாவுக்கு.

ஐயா, நீங்க வாங்கிட்டுப் போன யூரியாவ செடி சாப்பிடுற பக்குவத்துக்குக் கொண்டு வர்றதே மண்ணுல இருக்கிற அந்தப் பற்றீரியாதான். யூரியா மண்ணுல விழுந்ததும் கரையும். அப்படியே வேர் எடுத்துக்கிறது ரொம்பக் கொஞ்சம். மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் யூரியேஸ்னு ஒரு நொதியத்த வச்சிருக்குதுங்க. அது யூரியாவ உடைச்சு அமோனியமா மாத்துது. தேயிலைக்கு அமோனியம்னா உசிரு. அத எடுத்துத்தான் கொழுந்து விடுது.

ஆக, மூட்டையில வந்தாலும் சரி, மாட்டுக் கொட்டில்ல இருந்து வந்தாலும் சரி, எல்லாம் அந்தச் சின்ன உயிர்கள் கையில பட்டுத்தான் வேருக்குப் போகுது. இத ஸ்கூல்ல எனக்கு யாரும் சொல்லித்தரல. தோட்டத்துலயும் யாரும் சொல்லல. பெரட்டுக்களத்துல "இன்னைக்குப் பத்தாம் நம்பர் மலைக்கு உரம்"னு பேர் பிரிப்பாங்க. வாளியத் தூக்கிக்கிட்டுப் போவாங்க. போட்ட உரம் என்ன ஆச்சுன்னு நாம கேட்டதே இல்ல.

கேட்டிருக்கணும். ஏன்னா அந்தக் கணக்கு நம்ம சம்பளத்துல வந்து நிக்குது.

தேயிலைத் தூள்ல ஏறக்குறைய 4 சதவீதம் நைதரசன். 100 கிலோ தூள் ஃபேக்டரிய விட்டு லொறியில ஏறுச்சுன்னா, 4 கிலோ நைதரசன் நம்ம மலைய விட்டுப் போயிடுச்சுன்னு அர்த்தம். அது திரும்பி வரப்போறதில்ல. கொழும்பு ஏலத்துக்குப் போய், ரஷ்யாவுலயோ ஈராக்குலயோ யாரோ குடிச்சு முடிச்சிருவாங்க. இப்படி நூறு வருசத்துக்கு மேல போய்க்கிட்டே இருக்கு. மண்ணுல திரும்பப் போடாட்டி கொழுந்து எங்கிருந்து வரும்? கொழுந்து குறைஞ்சா சொன்ன கிலோ வராது. சொன்ன கிலோ வராட்டி அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். மண்ணு பட்டினி கிடந்தா கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க சம்பளத்துலதான் கை வைக்கிறாங்க. அதனால இந்த விசயத்துல எனக்கு நிதானமாப் பேச வராது, மன்னிச்சுக்கோங்க.

சரி, போஞ்சிக்கு வர்றேன்.

வீட்டுக்குப் பின்னால நாலஞ்சு பாத்தி இருக்கு. லீக்ஸ், கரட், போஞ்சின்னு சீசனுக்கு ஒண்ணு. இந்த முறை ரெண்டு பாத்தியில போஞ்சி ஊன்றி, ஒரு பாத்திக்கு யூரியாவும் இன்னொண்ணுக்கு மக்கின மாட்டெருவும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் மட்டும் போட்டுப் பார்த்தேன். பூ வர்ற நேரத்துல ரெண்டுலயும் ஒவ்வொரு செடியத் தோண்டி எடுத்தேன். (தோண்டணும். புடிச்சு இழுத்தீங்கன்னா பார்க்க வேண்டிய சங்கதி மண்ணுலயே அறுந்து நின்னுக்கும்.) வாளித் தண்ணியில மெதுவா அலசினா, எருப் போட்ட செடி வேர்ல முடிச்சு முடிச்சா தொங்குது. சிலது கடுகு அளவு, சிலது மிளகு அளவு.

ஒரு முடிச்ச நகத்தால கீறினேன்.

உள்ள ரோஸ் கலரு! இறைச்சித் துண்டு மாதிரி ஈரமான ரோஸ். வேருக்குள்ள இந்த நிறத்த நான் எதிர்பார்க்கவே இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாத்தையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆளுக்கொரு முடிச்சக் கீறிப் பார்த்துட்டு அடுத்த செடியப் புடுங்கப் போயிட்டாங்க. தடுக்கிறதுக்குள்ள ரெண்டு செடி போச்சு. (போகட்டும். அந்த வயசுல அதப் பார்த்தா மறக்காது.)

யூரியா போட்ட பாத்தியிலயும் முடிச்சு இருந்துச்சு. ஆனா கொஞ்சம்தான். சின்னதா, வெளிறிப்போய், கீறினா உள்ள பச்சையும் சாம்பலுமா.

அந்த முடிச்சுதான் ரைசோபியம்ங்கிற பற்றீரியாவோட வீடு. நம்மளச் சுத்தி இருக்கிற காத்துல 78 சதவீதம் நைதரசன். ஆனா எந்த மரமும் அத நேரா எடுக்க முடியாது. ரெண்டு நைதரசன் அணுவும் அவ்வளவு இறுக்கமா ஒண்ண ஒண்ணு கட்டிக்கிட்டு இருக்குதுங்க. பசளை ஃபேக்டரியில அதப் பிரிக்க 400 பாகைக்குப் பக்கத்துல சூடும், பயங்கர அழுத்தமும் வேணும். இந்தப் பற்றீரியா நுவரெலியாக் குளிர்ல, சத்தமில்லாம, போஞ்சி வேருக்குள்ள உட்கார்ந்து அதையே பண்ணுது. செடி அதுக்குச் சீனி குடுக்குது. அது செடிக்கு அமோனியம் குடுக்குது.

ரோஸ் கலரு எதுக்குன்னா, அந்த வேலைய செய்யிற நொதியத்துக்கு ஒட்சிசன் பட்டா ஆகாது. கெட்டுப்போயிடும். பற்றீரியாவுக்கோ மூச்சு விட ஒட்சிசன் வேணும். அதனால செடி ஒரு புரதத்தச் செஞ்சு ஒட்சிசனப் புடிச்சு வச்சு, அளந்து அளந்து குடுக்குது. நம்ம ரத்தத்துல இருக்கிற ஈமோகுளோபினுக்கு அது சொந்தக்காரப் புரதம். நிறமும் அதனாலதான். ரோஸா இருந்தா வேலை நடக்குது. பச்சை, சாம்பல்னா நடக்கல. யூரியா தாராளமாக் கிடைக்கிற இடத்துல செடி அந்த விருந்தாளிய வச்சுச் சோறு போட விரும்பாது. அதான் அந்தப் பாத்தியில முடிச்சு கம்மி.

(பயறு வகையில போஞ்சி கொஞ்சம் சோம்பேறிதான். மத்ததுங்க அளவுக்கு நைதரசன் புடிக்காது. அதுலயே இவ்வளவு அழகு!)

1888ல ஒல்லாந்து தேசத்துல பைஜரிங்க்ங்கிறவர் இந்தப் பற்றீரியாவத் தனியாப் பிரிச்சு எடுத்தாரு. அதே காலத்துல இங்க என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சு தெரியுமா? 1869ல வந்த இலைத் துரு நோய்ல கோப்பி மலை மலையாச் செத்து, லூல்கந்துரயில 1867ல ஜேம்ஸ் டெய்லர் ஆரம்பிச்ச தேயிலை எல்லாச் சரிவுலயும் ஏறிக்கிட்டு இருந்துச்சு. நம்ம ஆளுங்க காட்ட வெட்டி, கோப்பி வேரத் தோண்டி, தேயிலை நட்டாங்க. காட்டு மண்ணுல சேர்ந்திருந்த சத்து முதல் பல வருசத்துக்குத் தாங்குச்சு. மேல் மண்ணு மழைக்குக் கரைஞ்சு ஆத்துல போச்சு. சொரண்டி வச்சுப் புல்லு வழிக்கிற வேலை அத இன்னும் வேகமாக்குச்சு.

தேயிலைக்கு இந்த முடிச்சு கிடையாது. அதனால முடிச்சு இருக்கிற மரத்தப் பக்கத்துல நட்டாங்க. அதுதான் மலையில நீங்க பார்க்கிற டடப் மரம். கல்யாண முருங்கைக்குச் சொந்தம். ஒரு கொம்ப வெட்டி ஊன்றினா வேர் புடிச்சுரும். நிழலுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். நிழலுக்கு மட்டும் இல்ல. வருசா வருசம் கொம்பு வெட்டி இலையத் தேயிலைக்கு அடியில பரப்புறாங்கல்ல, அந்த இலையில காத்துல இருந்து புடிச்ச நைதரசனும் இருக்கு. டடப் இலை சீக்கிரம் மக்கும். மழை புடிச்ச கொஞ்ச நாள்ல நரம்பு மட்டும் மிஞ்சும்.

பக்கத்துல உயரமா நிக்கிற கிரவிலியாவுக்கு முடிச்சு இல்ல. அது வேற வழி வச்சிருக்கு. கொத்துக் கொத்தா மெல்லிசு வேர் விட்டு, அமிலத்தக் கக்கி, மண்ணுல ஒட்டிக்கிட்டிருக்கிற பொசுபரசக் கரைச்சு எடுக்கும். ஒரே மலையில ரெண்டு மரம், ரெண்டு வித்தை.

பொசுபரசுன்னு வந்ததும் நம்ம செம்மண்ணப் பத்திச் சொல்லணும்.

நம்ம மண்ணு புளிப்பு. தேயிலைக்கு அதான் வேணும், பிஎச் 4.5ல இருந்து 5.5 வரைக்கும். ஆனா புளிப்பு மண்ணுல இரும்பும் அலுமினியமும் சும்மா இருக்காது. பொசுபரசக் கண்டாப் போதும், கட்டிப் புடிச்சுக்கும். மண்ணுப் பரிசோதனையில மொத்தப் பொசுபரசு இருக்குன்னு வரும். செடிக்கோ கிடைக்காது. இங்கதான் பசிலஸ், சூடோமோனஸ்ங்கிற கூட்டம் வருது. அதுங்க சேதன அமிலங்கள வெளிய விடுதுங்க. அந்த அமிலம் இரும்பையும் அலுமினியத்தையும் தன் பக்கம் இழுத்துக்கிட்டா பொசுபரசு கழன்று வெளிய வரும். வேர் எடுத்துக்கும்.

1971ல அநுராதபுரம் பக்கம் எப்பாவலயில பாறைப் பொசுபேற்று கண்டுபிடிச்சாங்க. தண்ணியில லேசுல கரையாது. நெல்லு மாதிரிச் சீக்கிரம் அறுவடைக்கு வர்ற பயிருக்கு அது கரையிற வரைக்கும் காத்திருக்க நேரமில்ல. தேயிலைக்குப் போடலாம். இந்தப் புளிப்பு மண்ணும் மண்ணுல இருக்கிற உயிர்களும் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சுக் குடுக்கும். நம்ம நாட்டுக் கல்லு, நம்ம நாட்டு மண்ணு, நம்ம நாட்டுப் பற்றீரியா. எனக்கு இது ரொம்பப் பெருமையான விசயம்.

சரி, இந்தப் பற்றீரியாவெல்லாம் வேருக்குப் பக்கத்துல ஏன் வந்து கூடுது?

சாப்பாட்டுக்குத்தான். இலை வெயில்ல செய்யிற சீனியில ஒரு நல்ல பங்க மரம் வேர் வழியா மண்ணுல கசிய விடுது. வீணாப் போகுதுன்னு நினைச்சுராதீங்க. வேரச் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மண்ணுல இருக்கிற கூட்டம், தள்ளி இருக்கிற மண்ணுல கிடையாது. 1904லயே ஜெர்மனியில ஹில்ட்னர்ங்கிறவர் இந்த வேர் சூழ்ந்த மண்ணுக்குத் தனியாப் பேர் வச்சுட்டாரு. ஒரு கிராம் நல்ல மண்ணுல பத்துக் கோடி பற்றீரியாவுக்கு மேல இருக்கும். அதுல சிலது ஓக்சின்ங்கிற வளர்ச்சி ஓமோனச் செஞ்சு விட்டு, வேர இன்னும் கிளை விட வைக்குது. சிலது இரும்பப் புடிச்சுக் குடுக்குது. அப்புறம் இந்தப் பற்றீரியாவையே மேயிற இன்னும் பெரிய நுண்ணுயிர்கள் இருக்கு. அதுங்க தின்னுட்டு மிச்ச நைதரசன வெளிய விடுறதும் வேர் வாசல்லதான்.

ஆனா தேயிலை ஒரு தனிக் குணம் புடிச்ச செடிங்க.

இமயமலைப் பக்கம் அல்மோராவுல இருக்கிற ஆய்வாளர்கள் அனிதா பாண்டேயும் பால்னியும் 1990கள்ல தேயிலை வேரத் தோண்டிப் பார்த்திருக்காங்க. எல்லாச் செடியிலயும் வேர்ப் பக்கத்துல பற்றீரியா கூடுதலா இருக்கும்னு சொன்னேன்ல. வயசான தேயிலையில தலைகீழ்! வேருக்குத் தள்ளி இருக்கிற மண்ணுல கூடுதல், வேர்ப் பக்கம் குறைச்சல். அங்க தாக்குப்புடிச்சு நின்னது பெரும்பாலும் பசிலஸ் சப்டிலிஸ், பசிலஸ் மைகோய்டஸ்னு ரெண்டு வகை. வருசக் கணக்கா விழுந்த தேயிலை இலையும், வேர் விடுற சாறும், ஏறிப்போன புளிப்பும் மத்ததுகள விரட்டிருது போல. 1997ல இத எழுதி வெளியிட்டாங்க.

எனக்கு இது எவ்வளவு முக்கியமாப் படுது தெரியுமா? அந்தக் கடைப் போத்தல்ல இருக்கிற பற்றீரியா எந்த ஊர் மண்ணுல வளர்ந்ததோ. எண்பது வருசத்துத் தேயிலை வேர் வாசல்ல, பிஎச் 4.5 மண்ணுல அத ஊத்தினா எத்தனை நாள் உசிரோட இருக்கும்? "எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்"னு சொல்ற தம்பிகிட்ட கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இந்த மண்ணுலயே பொழைச்சுப் பழகின வகை வேணும்.

2021 ஞாபகம் இருக்கா? யாருக்குத்தான் இல்ல.

மே 6ஆம் தேதி வர்த்தமானி. இரசாயனப் பசளை இறக்குமதி தடை. ஒரே இரவுல நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாறணும். நவம்பர் 24ல தடைய எடுத்துட்டாங்க. ஆனா மண்ணு அரசாங்கம் சொன்ன தேதிக்குக் கேட்குமா? அதுக்கப்புறம் டொலரும் இல்ல, பசளை விலையும் ஏறிப்போச்சு. 2021ல கிட்டத்தட்ட 30 கோடி கிலோவா இருந்த தேயிலை, 2022ல 25 கோடி கிலோவுக்கு இறங்கிடுச்சு.

அப்ப நிறையப் பேர் "பாத்தீங்களா, சேதனப் பசளை வேலைக்கு ஆகாது"ன்னு முடிவு கட்டினாங்க. இன்னொரு கூட்டம் "நல்ல திட்டம், அவசரப்பட்டுட்டாங்க"ன்னுச்சு. ரெண்டு பக்கமும் ஒரு தடவையாவது மண்ணுக்குள்ள என்ன நடக்கும்னு பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

கணக்க நீங்களே போட்டுப் பாருங்க. 100 கிலோ யூரியாவுல 46 கிலோ நைதரசன். அதே 46 கிலோவ நல்ல கூட்டெருவுல (1.5 சதவீத நைதரசன்னு வைங்க) குடுக்கணும்னா 3,000 கிலோவுக்கு மேல வேணும். ரெண்டு மூட்டைக்குப் பதிலா மூணு டன்! றோட்டுல இருந்து மலை உச்சிக்கு அத யாரு தூக்கிக்கிட்டு ஏறுறது? சட்டம் எழுதினவங்களா ஏறப் போறாங்க?

தூக்கிட்டாங்கன்னே வைங்க. எருவுல இருக்கிற நைதரசன் புரதமாவும் மத்ததாவும் கட்டிக்கிடக்கு. பற்றீரியா அத உடைக்கணும். அதுக்குச் சூடு வேணும். நுவரெலியா சராசரி 16 பாகை. ஜனவரி, பெப்ரவரியில புல்லுல பனி உறையும். வெப்பம் 10 பாகை இறங்கினா இந்த உயிர்கள் வேகம் ஏறக்குறைய பாதியாயிடும். கீழ் நாட்டுல மக்கிற வேகத்துல இங்க மக்காது. (பனிக்காலத்துல கூட்டெருக் குழியத் தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு கிடக்கும்.)

இன்னொரு சிக்கல். அவசரத்துக்கு மக்காத வைக்கோலும் மரத்தூளும் கலந்து "கூட்டெரு"ன்னு வந்துச்சு பாருங்க, அது இன்னும் கேடு. அதுல கரிச்சத்து மலை மாதிரி, நைதரசன் துளி. பற்றீரியா அந்தக் கரியத் தின்னு பெருகணும்னா அதுக்கே நைதரசன் தேவை. எங்க போகும்? மண்ணுல இருக்கிறத எடுத்துக்கும். கல்யாணப் பந்தியில சமையல்காரங்க மொத்தப் பேரும் முதல்ல உட்கார்ந்து சாப்பிட்டுட்டா வந்தவங்களுக்கு என்ன மிஞ்சும்? அப்படித்தான். செடி மஞ்சளாகும். பல மாசம் கழிச்சு அந்தப் பற்றீரியா செத்து மக்கும்போதுதான் நைதரசன் திரும்ப வெளிய வரும். டடப் இலையில நைதரசன் கூடுதல், அதனால இந்தத் தொல்லை இல்ல.

அதே 2021லதான் பற்றீரியாங்கிற பேரும் கெட்டுப்போச்சு. சீனாவுல இருந்து 'ஹிப்போ ஸ்பிரிட்'னு ஒரு கப்பல் நிறையச் சேதனப் பசளை வந்துச்சு. மாதிரிய எடுத்துப் பார்த்த நம்ம தாவரத் தடுப்புக்காப்பு அதிகாரிகள் எர்வினியா இருக்குன்னு இறக்க விடல. அந்தக் கம்பனி இல்லன்னு மறுத்துச்சு. கடைசியில 2022 ஜனவரியில மக்கள் வங்கி அந்தக் கம்பனிக்குக் கிட்டத்தட்ட 70 லட்சம் டொலர் கட்டுச்சு. எர்வினியா குடும்பத்துல கரட்டையும் உருளைக்கிழங்கையும் அழுக வைக்கிற வகைகள் உண்டு. நம்ம மரக்கறிக்காரங்க பயந்தது நியாயம். கடையில பார்த்த ஐயா "அது நோய்"னு சொன்னதுக்கும் அந்தச் செய்தி காரணமா இருக்கலாம். ஆனா ஐயா, மண்ணுல இருக்கிற ஆயிரக்கணக்கான வகையில கெடுக்கிறது ரொம்பக் கொஞ்சம். அதுக்காக எல்லாத்தையும் சந்தேகப்பட்டா நமக்குச் சோறே கிடையாது.

தமிழ்நாட்டுக் கோத்தகிரியில எங்க பெரியப்பா குடும்பம் இருக்கு. 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பல் ஏறினவங்க. அங்கயும் தேயிலைதான். அண்ணனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன்.

"நீங்க அங்க பற்றீரியாவெல்லாம் போடுறீங்களாமே அண்ணே?"

"போடுறோம் தங்கச்சி. அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா. பாக்கெட்டா வரும். சும்மா தூவக்கூடாது. மக்குன சாணி எருவுல கலந்து, ஈரம் தெளிச்சு, நெழல்ல வச்சிருந்து, மழை ஈரம் இருக்கும்போது வேர்ப் பக்கமாப் போடணும். வெயில்ல வச்சா செத்துரும். தேதி பாத்து வாங்கணும்."

"யூரியாவ விட்டுட்டீங்களா?"

"விடல. கொறைச்சுக்கிட்டோம். ரெண்டையும் ஒரே நாள்ல கலந்து போடமாட்டோம். பத்துப் பதினஞ்சு நாள் இடைவெளி."

இத நான் அப்படியே எழுதி வச்சுக்கிட்டேன். வால்பாறையில உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி நுண்ணுயிர் உரங்கள் பத்திப் பல வருசமா வேலை செய்யிறாங்க. அண்ணன் சொல்றதுல எனக்குப் புடிச்சது, போத்தல மட்டும் நம்பாம எருவையும் சேர்க்கிறாங்க. அந்தப் பற்றீரியா பொழைக்கச் சாப்பாடும் கூடவே போகுது.

நம்ம நாட்டுலயும் ஆள் இல்லாம இல்ல. கண்டியில ஹந்தான றோட்டுல இருக்கிற அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்துல பேராசிரியர் காமினி செனவிரத்னவும் அவரோட குழுவும் ஒரு வேலை பண்ணாங்க. பற்றீரியாவத் தனியா விடாம, பூஞ்சை இழை மேல ஒட்ட வச்சு, ரெண்டும் சேர்ந்து ஒரு வழவழப்பான படலமா வளர விட்டு, அத உரமாக்கினாங்க. படலத்துக்குள்ள இருந்தா புளிப்பையும் வறட்சியையும் தாங்கும். தேயிலை மண்ணுலயே போட்டுப் பார்த்தாங்க. இரசாயனப் பசளையப் பாதியாக் குறைச்சு, கூட இதையும் சேர்த்தா மண்ணோட நுண்ணுயிர் திரும்ப எழும்புதுன்னு 2011ல எழுதினாங்க. இதுல வாதம் விவாதம் இருக்கு, இருக்கட்டும். நான் கவனிச்சது ஒண்ணு. அவங்களே சொல்றது "பாதி"ன்னுதான். "பசளையே வேணாம்"னு ஹந்தானயில யாரும் சொல்லல. அத ஹட்டன் கவுண்டர்லதான் சொல்றாங்க.

1925ல ஆரம்பிச்சு, இப்ப தலவாக்கலை சென் கூம்ஸ்ல இருக்கிற நம்ம தேயிலை ஆராய்ச்சி நிலையம் சொல்ற பழைய பாடமும் இதுக்குப் பக்கத்துலதான் வருது. பழைய தேயிலையப் புடுங்கினா உடனே புதுக்கன்னு நடாதீங்க. ஒண்ணரை ரெண்டு வருசம் குவாத்தமாலாப் புல்லோ மானாப் புல்லோ நட்டு, வெட்டி வெட்டி அங்கேயே பரப்புங்க. அந்த மண்ணு மறுபடி உயிர் புடிக்கட்டும், அப்புறம் நடுங்க. எத்தனை சின்னத் தோட்டக்காரங்களுக்கு ரெண்டு வருசம் வருமானமில்லாம காத்திருக்க முடியும்ங்கிறது வேற கேள்வி. ஆனா பாடம் சரி.

நான் இன்னொண்ணும் பார்த்தேன். பழைய பருத்தித் துண்டு ஒண்ணக் கிழிச்சு, ஒரு பாதிய டடப் இலை விழுற இடத்துல, தேயிலைக்கு நடுவுல புதைச்சேன். மறு பாதிய மேல் மண்ணு அரிச்சுப்போய் கல்லுத் தெரியிற சரிவுல. ரெண்டும் ஒரு சாண் ஆழம். மழைக்காலம் ஓஞ்சதும் தோண்டினேன். சரிவுல இருந்தது அலசிக் காயப்போட்டா அடுப்படிக்கு ஆகும், அப்படியே இருக்கு. டடப் அடியில இருந்தத எடுக்கவே முடியல. ஓரத்துல மடிச்சுத் தைச்ச நூலும் (அது நைலோன்) நாலு கந்தலும். பருத்திங்கிறது செல்லுலோசு. மண்ணுல உயிர் இருந்தா தின்னுரும். காசில்லாத பரிசோதனை, நீங்களும் பண்ணிப் பாருங்க. ஆனா சுத்தப் பருத்தியா எடுங்க, கலப்புத் துணி மக்காது.

ஒரே மலை, ஒரே மழை. ஒரு இடத்துல இலை விழுது, இன்னொரு இடத்துல விழல.

இங்கதான் மிலாறு கதை வருது. எழுதணுமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதிடுறேன்.

கவ்வாத்து வெட்டின மலையில இலையும் குச்சியும் கிளையும் குவிஞ்சு கிடக்கும். அதுதான் மிலாறு. நாலஞ்சு வருசம் அந்தச் செடி மண்ணுல இருந்து எடுத்ததுல ஒரு பெரிய பங்கு அதுல இருக்கு. அங்கேயே பரப்பி விட்டு, முள்ளுக்குத்தி மண்ணக் கிளறி, மக்க விட்டா பற்றீரியாவுக்கு அத விடப் பெரிய விருந்து கிடையாது. ஆராய்ச்சிக்காரங்களும் அதான் சொல்றாங்க. சில தோட்டத்துல மிலாறு எடுக்கக்கூடாதுன்னு கட்டளையே இருக்கு.

ஆனா லயத்து வீட்டு அடுப்பு எதுல எரியுது? மிலாறுலதான். அந்திக்குக் கொழுந்து நிறுத்துட்டு, தலையில ஒரு கட்டு மிலாறோட எங்கம்மா ஏறி வர்றதப் பார்த்து வளர்ந்தவ நான். காஸ் சிலிண்டர் விலை என்னன்னு எல்லாருக்கும் தெரியும். 2022ல காஸும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல. மலையில கிடந்த ஒரு குச்சி மிச்சமில்ல. அந்தப் பொம்பளைங்களப் பார்த்து "மண்ணு வளம் போகுது, எடுக்காதே"ன்னு சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது.

வழி இல்லாம இல்ல. சத்து பெரும்பாலும் இருக்கிறது இலையிலயும் விரல் மொத்தத்துக்குக் குறைஞ்ச குச்சியிலயும். மொத்தமான கிளை பெரும்பாலும் மரக்கட்டைதான், கரிச்சத்து. அது அடுப்புக்கு நல்லது, மண்ணுக்கு அவ்வளவு அவசரமில்ல. கவ்வாத்து முடிஞ்சதும் கொஞ்ச நாள் அப்படியே கிடக்க விட்டா இலை தானா உதிரும். அதுக்கப்புறம் மொத்தக் கிளைய மட்டும் வீட்டுக்குக் கொண்டு போகலாம். இத நிர்வாகமும் தோட்டத் தலைவர்மாரும் உட்கார்ந்து பேசி, எந்த மலைக்கு எப்ப விறகு எடுக்கலாம்னு நாள் குறிச்சுக் குடுக்க முடியும். கூடவே தேயிலை இல்லாம புல்லு மண்டிக் கிடக்கிற சரிவுல லயத்துக்குன்னு விறகு மரம் நடணும். அக்கேசியா நட்டா அதுக்கும் வேர் முடிச்சு உண்டு. மிலாறு எடுக்காதேன்னு கட்டளை போடுற ஒவ்வொரு தோட்டமும் அந்தக் கன்னுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்கணும். அடுத்த கவ்வாத்துக்கு முன்னாடி இதத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்துல கேளுங்க.